தலைமாடு

பெட்டி லிஃப்டுக்குள் போகவில்லை. நேராக நுழைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், ஒரு முனையை உள்ளே வைத்து மறுமுனையைத் தூக்கியும் பார்த்தார்கள். மாட்டுங்காவின் பழைய கட்டிடம் அது. லிஃப்டில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "கீழேயே வெச்சு எல்லாத்தையும் பண்ணிடலாமே" என்று கீழ்வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

மானசா அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடியில் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி அம்மா விசாலாக்ஷி நின்றிருந்தாள்.

"மேல கொண்டு வாங்கோ. அவன் ஆத்துக்குள்ள வந்துட்டுத்தான் போணும்."

படிக்கட்டு வழியாகவே தூக்குவது என்று முடிவாயிற்று. பெட்டிக்குள் இருந்தது விசாலாக்ஷியின் பிள்ளை, மானசாவின் தம்பி நிகில். துணை விமானியாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மும்பையிலிருந்து தெற்கே போன விமானம், இறங்கப் போகும் சமயத்தில், ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. முன்பாதியில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ரத்தம் எடுத்து, ஒத்துப் பார்த்து, இன்னாருடையது இன்னது என்று பிரித்து அனுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திறக்கவே கூடாது என்று சொல்லித்தான் பெட்டியை அனுப்பியிருந்தார்கள்.

அன்று காலையில்தான் விமானத்தைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரு அறிக்கை விட்டிருந்தது. ஆழ்ந்த வருத்தத்தில் ஆரம்பித்த அறிக்கை, விமானிகள் உரிய நேரத்தில் தலையிட்டிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று முடிந்தது. விமானிகள் என்றால் இரண்டே பேர். ஒருவர் கேப்டன், இன்னொருவன் மானசாவின் தம்பி. டிவிக்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, சீருடையில் சிரிக்கும் நிகிலின் படத்தைப் போட்டு, காலையிலிருந்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவன் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அவன் எதிர்த்துப் பேச மாட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் சாம்பலாகிவிடுவான். அதற்குள் யாராவது ஒருவர், சொந்தக்காரர் அல்லாத ஒருவர், அவன் மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மானசாவுக்கு இருந்தது. சொந்தக்காரர்கள் எப்படியும் அதைத்தான் சொல்வார்கள், அது கணக்கில் சேராது.

அந்தக் குடும்பத்தில் கல்யாணமானாலும் சாவானாலும் அம்மாவின் தம்பி வெங்கிதான் தளபதி. கொஞ்சம் சத்தக்காரர், ஆனால் அவர் இல்லாமல் ஒரு துரும்பும் நகராது. "ஒரு மூலைக்கு நான். இன்னொரு மூலைக்கு பைசான்" என்று ஆரம்பித்தார். பைசான் என்பது ஏர்லைன்ஸ்காரர்கள் இந்த வீட்டுக்குத் துணையாக அனுப்பியிருந்த பையன். விமான நிலையத்திலிருந்து பெட்டிகூடவே வந்தவன். நிகிலின் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருவன் மூன்றாவது மூலைக்குப் போனான். நாலாவது மூலைக்கு ஆளில்லை.

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, கறுத்து ஒல்லியான ஆள். கசங்கிய அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். மே மாத வெயிலில் தலை மட்டும் ஈரமாக இருந்தது.

"ஏ பாய், தும் உதர் பகடோ" என்று அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி ஹிந்தியில் அதட்டினார் வெங்கி.

"என்னய்யா?"

"அட, தமிழா? நல்லதாப் போச்சு. தூக்க வந்த ஆள்தானே நீ? ஒத்தனைத்தான் அனுப்பினாளா? சரி, அந்த முனையைப் பிடி."

அவர் வெங்கியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு பேசாமல் வந்து நாலாவது மூலையைப் பிடித்தார்.

படிக்கட்டு குறுகல். திரும்பும் இடங்களில் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கித்தான் திருப்ப முடிந்தது. முதல் மாடி தாண்டியதும் வெங்கிக்கு மூச்சு வாங்கியது. கீழ்ப்பக்கத்துப் பாரமெல்லாம் அந்தப் புது ஆளின் தோளில் இறங்கியது. "பாத்து, பாத்து. செவுத்துல இடிச்சிரப்பிடாது" என்று அவர் அடிக்குரலில் சொல்லிக்கொண்டே ஏறினார். மானசாவின் அப்பா பஞ்சு பின்னாலேயே வந்தார். ரயில்வே கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாரத்தையும் தாங்காத ஓர் இடத்தில் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். அவரை அந்தக் கையை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"நன்னா முட்டுக் குடுப்பா. தூங்கிண்டே தூக்காதே" என்று வெங்கி மேலிருந்து அதட்டினார்.

"குடுத்திருக்கேன்யா. நீங்க ஏறுங்க."

கூடத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். பெட்டியைக் கீழே வைத்ததும் பைசானின் போன் அடித்தது. வாசலில் போலீஸ்காரர் எதற்கோ கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சாஸ்திரிகள் தர்ப்பைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"தெக்க தலை வெக்கணும். எந்தப் பக்கம் தலை?"

வெங்கி பெட்டியின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வண்டியிலிருந்து இறக்கும்போது எது முன்னால் வந்தது என்பது படிக்கட்டுத் திருப்பங்களில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. பைசானின் போன் பிஸியாகவே இருந்தது.

"எந்தப் பக்கம்னு தெரியாம எப்படி ஓய் ஆரம்பிக்கறது?" என்றார் சாஸ்திரிகள். அவர் மேல் தப்பில்லை. பம்பாயில் இத்தனை வருஷம் வைதீகம் பண்ணியும் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்க வேண்டி வந்ததில்லை.

விசாலாக்ஷி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கோடியில் குனிந்து மூடியைத் தடவினாள். பிறகு சுற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போய் அங்கேயும் தடவினாள்.

"எந்தப் பக்கம்டா உன் மூஞ்சி?" என்றாள்.

பிள்ளையின் தலை எங்கே, கால் எங்கே என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்வது, எந்த அறிக்கையில் இதை எழுதுவது? மானசா அம்மாவின் தோளைப் பிடிக்கப் போனாள்.

"இந்தப் பக்கம்மா."

கதவோரம் நின்றிருந்த அந்த ஆள்தான். அவர் வந்து மண்டியிட்டு, பெட்டியின் அடி விளிம்பைக் காட்டினார். "கீழ பாருங்க. செவப்பு டேப்பு ஒட்டியிருக்காவ. இதான் தலமாடு."

டேப் இருந்தது. விரல் அகலம்தான், தேடினால்தான் கண்ணில் படும்.

"பலே. நன்னாத் தெரிஞ்சு வெச்சிருக்கியே" என்றார் வெங்கி. "தினமும் தூக்கறவன் இல்லையோ."

"தெனமும் இல்லய்யா. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்." அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எங்க வீட்டுக்கும் இதே மாரிப் பெட்டிதான் வந்துச்சு."

வெங்கியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

"எம் பேரு பிரம்மநாயகம். தாராவில பெல்ட் தைக்கிற பட்டறை வச்சிருக்கேன். இந்தத் தம்பி ஓட்டுன பிளேன்லதான் எம் வீட்டுக்காரி போனா. பிரேமலதான்னு பேரு."

நிகிலின் சிநேகிதன் மெல்ல நகர்ந்து பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். கீழ்வீட்டுக்காரர் போலீஸ்காரரைக் கூப்பிடட்டுமா என்று வெங்கியின் காதில் கேட்டார். வெங்கிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மானசாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கறுத்த ஆள், கசங்கிய சட்டை, தெற்கத்திப் பேச்சு. தூக்க வந்தவர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். யார் நீங்கள் என்று இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது நடந்து போகிற தூரம்தான்.

பஞ்சு கையைக் கூப்பினார். "தெரியாம... உங்களைப் போய் தூக்கச் சொல்லி..."

"அது கெடக்கட்டும் சார். பெட்டி வரட்டும், வந்ததும் கேப்போம்னு கீழ நின்னேன். அவிய பிடின்னாவ. பிடிச்சேன்." பிரம்மநாயகம் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டார். "காலைல சயான் சுடுகாட்டுல கொண்டு போயி எரிச்சாச்சு. எம் மவன் மாரிக்கண்ணன்தான் கொள்ளி வச்சான். குளிச்சிட்டு நேர இங்கன வாரேன். அவனும் வாரேன்னு குதிச்சான். வந்தா வாய்க்கு வந்தபடி பேசிப்புடுவான். வேண்டாம்ல, நான் கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

"என்ன கேக்கணும்?" என்றாள் மானசா.

அவர் அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். "டிவில சொல்லுதாம்லா. பிளேன் கீழ விழும்போது ஓட்டுனவிய சும்மா இருந்துட்டாவன்னு. அது நெசமா?"

பஞ்சு மகளைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவள் தான்தான் என்று மானசாவுக்குத் தெரிந்தது. அவள் ஐரோலியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதனை பண்ணுகிறவள். போனிலேயே பணம் அனுப்புகிறார்களே, அந்த மாதிரி ஒன்றில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

"இல்லை" என்றாள். "தரையிலேர்ந்து எவ்ளோ உயரத்துல இருக்கோம்னு சொல்ற கருவி ஒண்ணு உண்டு. அது அன்னிக்குத் தப்பாச் சொல்லித்து. தரையைத் தொட்டாச்சுன்னு சொல்லித்து. சாஃப்ட்வேர் அதை அப்படியே நம்பி என்ஜினைக் குறைச்சுடுத்து. ப்ளேன் அப்போ மேலதான் இருந்தது."

"தம்பி என்ன செஞ்சாப்ல?"

"வேகத்தைக் கூட்டினான். சாஃப்ட்வேர் திரும்பக் குறைச்சுது. மறுபடி கூட்டினான். மறுபடி குறைச்சுது. அவன் விடவே இல்லை. கறுப்புப் பெட்டியில எல்லாம் பதிவாயிருக்குன்னு விசாரணை பண்றவாளே சொல்லிட்டா."

"பொறவு எதுக்கு கம்பெனிக்காரன் இப்பிடிச் சொல்லுதான்?"

"அந்த சாஃப்ட்வேரையே அணைச்சிருக்கணுமாம். அதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் இருக்காம். இப்படி ஒண்ணு நடக்கும்னோ, நடந்தா அந்த சுவிட்சைத் தொடணும்னோ இவாளுக்கு யாருமே சொல்லிக்குடுக்கலை. பயிற்சியிலயும் இல்லை, புஸ்தகத்துலயும் இல்லை."

"இப்பிடி ஆவும்னு அவனுவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அங்க சோதனை பண்ணின ஒருத்தரே இப்போ வெளியில வந்து சொல்றார். முன்னாடியே கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தாராம். அபூர்வமாத்தான் வரும், வந்தா பைலட் பாத்துப்பான்னு விட்டுட்டாளாம்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அந்த அறையே கண்ணுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட அறைகளில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். வெளியிட வேண்டிய தேதி நெருங்கிவிடும். ஒருவர் ஒரு குறையைச் சொல்வார். அடிக்கடி வருமா என்று இன்னொருவர் கேட்பார். வராது என்றதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். உபயோகிப்பவர் சமாளித்துக்கொள்வார் என்று முடிவு பண்ணி, அடுத்த விஷயத்துக்குப் போவார்கள், காபி வரும். அவள் ஆபீஸில் அப்படி விட்டால் யாருக்கோ பணம் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேரும். அங்கே விட்டது இந்தக் கூடத்தின் நடுவில் கிடக்கிறது. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராவது இன்று சாப்பிடாமல் இருப்பாரா என்று கோபத்தோடு நினைத்துக்கொண்டாள்.

"நாங்க தைக்கிற பெல்ட்டுல பக்கிள் பிஞ்சுபோச்சுன்னா கடக்காரன் எங்க சட்டையத்தான் பிடிப்பான்" என்றார் பிரம்மநாயகம். "போட்டவன் இடுப்பு சரியில்லன்னு நான் சொன்னா விடுவானா?"

மானசா சொன்னதை அவர் நம்பினாரா, அக்காக்காரி தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எடுத்துக்கொண்டாரா? அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ மொத மொதல்ல ஏறுன பிளேன்" என்றார் கொஞ்சம் கழித்து. "தங்கச்சி மவ கல்யாணத்துக்குப் போனா. சன்னலோரம் வேணும்னு கேட்டா."

விசாலாக்ஷி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன. பக்கத்திலிருந்த பிரம்பு மோடாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. நிகிலின் சிநேகிதன் என்ன நினைத்தானோ, நடுவில் நின்றவன் விலகிச் சுவரோரம் போய்விட்டான்.

அப்போது பைசான் திரும்பி வந்தான். கூடவே பூக்கடை ஆள் ஒருவன், தன் மார்பளவுக்கு ஒரு மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளை ரோஜா, வெள்ளை லில்லி, குறுக்கே ஒரு பட்டு நாடா. விமானத்தைத் தயாரித்த கம்பெனியின் பெயரை அதில் தங்க எழுத்தில் பதித்து, அதற்குக் கீழே அனுதாபமும் தெரிவித்திருந்தார்கள். காலையில் பழி, மத்தியானத்தில் பூ. ஒரு கைக்கு மறு கை செய்வது தெரியாது போலும். வந்த பொருளை வாங்கிப் பழகிய வெங்கி அதையும் வாங்கி, பெட்டி மேல் வைக்கக் குனிந்தார்.

"இதே வளையம் எங்க வீட்டுக்கும் வந்துச்சு" என்றார் பிரம்மநாயகம். "சந்துக்குள்ள நொழையல. தெரு மொனையிலயே வச்சிட்டுப் போயிட்டான்."

வெங்கி குனிந்த நிலையிலேயே நின்றார். பஞ்சு எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாசலுக்குக் கொண்டு போய், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எழுத்துகள் சுவரைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்துவிட்டு வந்தார். வரும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பைசான் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பையன் பாவம், அவன் என்ன செய்வான்.

பெட்டியைத் திருப்பி, தலைமாடு தெற்கே வரும்படி வைத்தார்கள். சாஸ்திரிகள் மந்திரங்களைச் சொல்ல, பஞ்சு திருப்பிச் சொன்னார். பிள்ளை அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கோத்திரத்தைச் சொல்லிப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. கோத்திரம் வந்தது, பெயர் வரவில்லை. சாஸ்திரிகள் காத்திருந்தார். மூன்றாவது தடவைதான் வந்தது.

"நாழியாறது, கேட்டேளா" என்றார் சாஸ்திரிகள். "வாய்க்கரிசி போடறவா எல்லாம் வாங்கோ."

மானசா அரிசித் தாம்பாளத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். விசாலாக்ஷி கை நிறைய அள்ளிக்கொண்டாள். அள்ளியவள் அப்படியே நின்றாள்.

"வாய் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

திருகாணி போட்டு, மெழுகு வைத்து அடைத்த மூடி. சாஸ்திரிகள் புஸ்தகத்தைப் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"தலமாட்டுல, மூடி மேலயே போடுங்கம்மா" என்றார் பிரம்மநாயகம். "நாங்களும் அப்பிடித்தான் போட்டோம். அவளுக்குப் போயிச் சேந்திருக்கும்."

விசாலாக்ஷி அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, மூடியின் மேல், முகம் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் மெல்ல அரிசியை விட்டாள். "சாப்பிடுடா" என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. வெங்கி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பஞ்சு போட்டார், வெங்கி போட்டார், உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். மானசா தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தானும் போட்டாள். தாம்பாளத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அரிசி மிச்சமிருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே பிரம்மநாயகத்தின் முன்னால் போய் நீட்டினாள்.

"உறவுக்காரா மட்டும்தான்மா போடறது" என்றார் சாஸ்திரிகள். பஞ்சு அவரைத் திரும்பிப் பார்த்தார். சாஸ்திரிகள் நகர்ந்து வழிவிட்டார்.

நீட்டியிருக்கக் கூடாதோ என்று மானசா நினைத்தாள். காலையில்தான் பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்த மனுஷன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஒதுங்கினால் யார் என்ன சொல்ல முடியும்? அப்படி ஒதுங்கினால் அதுதான் தீர்ப்பு. அதற்கு மேல் எந்த அறிக்கை வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். தாம்பாளத்தைப் பிடித்த கை வலித்தது. இறக்காமல் நீட்டிக்கொண்டே நின்றாள்.

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வலது கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டார்.

"நான் போடலாமாம்மா?"

"போடுங்கோ."

அவர் இருந்ததை எல்லாம் ஒட்ட அள்ளிக்கொண்டு போய்த் தலைமாட்டில் குனிந்தார். விசாலாக்ஷி அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். மெருகு போட்ட மூடியில் அரிசி நிற்கவில்லை. ஏற்கெனவே போட்டிருந்ததையும் சேர்த்துக்கொண்டு விளிம்பைப் பார்த்து உருண்டது. அவர் இடது உள்ளங்கையை விளிம்பில் அணை கொடுத்து, உருண்டு வந்ததை எல்லாம் வலது கையால் ஒதுக்கி ஒதுக்கி நடுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.